துணைக்கு உட்கார்ந்தவள்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருத்தி நான்கு படங்கள் போட்டிருந்தாள். அவளுடைய பேரனை இனிப் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லையாம், வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் போகிறார்களாம். அதற்காக ஹாலையே மாற்றியிருக்கிறார்கள். குழந்தைக்கு எட்டும்படி தாழ்வான அலமாரி, கண்ணை உறுத்தாத பச்சைத் திரை, ஜன்னலோரம் ஒரு மணி பிளான்ட், தரையில் இரண்டு பாய்கள். நல்ல சூழ்நிலை அமைய இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். நீங்கள் எல்லோரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினீர்கள். டிவியை உள்ளறைக்குத் தள்ளிவிடு என்றாள் ஒருத்தி. காலையில் பக்திப் பாட்டு மெதுவாக ஓடட்டும் என்றாள் இன்னொருத்தி.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எதற்கு இரண்டு பாய்?

அவள் பதில் எழுதினாள். "இவனோட அக்காவையும் நிறுத்திட்டோம்டி. அவ நல்லா படிக்கிறவதான். இவன் தனியா உக்கார மாட்டேங்கிறான். ஒரு துணைக்கு."

அதற்குப் பிறகு நான் குழுவில் எதுவும் எழுதவில்லை. கோபமா என்று தனியாகக் கேட்டாள். ஆமாம், கோபம்தான். அவள்மேல் மட்டுமில்லை. கைதட்டிய உங்கள் எல்லோர்மேலும். ஆறு நாள் கழித்து இப்போது எழுதுகிறேன். நீளமாக இருக்கும். சமையலை முடித்துவிட்டே படியுங்கள்.

நாம் ஆறாம் வகுப்பு முடித்து, பள்ளி திறந்த அந்த ஜூன் மாதம் ஏழாம் வகுப்பில் என் இடம் காலியாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு மஞ்சள்காமாலை என்று உங்களுக்கு யாரோ சொன்னார்களாம். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில்தான் அது எனக்குத் தெரிய வந்தது. எனக்கு ஒரு நோயும் இல்லை. இரும்புலியூரில், ரயில் பாதையிலிருந்து மூன்றாவது தெருவில், எங்கள் வீட்டு முன்னறையில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் என் தம்பி. அவன் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்வான். எழுத்து மட்டும் அவனுக்குச் சேரவில்லை. நேற்று தெரிந்த 'ழ' இன்று அவனுக்கு அந்நியம். இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், பயிற்சி இருக்கிறது. அன்றைக்கு மக்கு என்ற ஒரு சொல்தான் இருந்தது.

அவனுடைய தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இன்னொரு வருடம் மூன்றாம் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று சொல்லியிருக்கிறார். அறையில் வேறொரு பையனின் பெற்றோரும் பியூனும் நின்றிருக்கிறார்கள். பியூன் சிரித்தான் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அப்பா. கடிதம் எழுதுவதில் பெயர் வாங்கியவர். அவர் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நாளைக்கு இரண்டு பேருக்கும் டி.சி. வாங்கிவிடப் போவதாகச் சொன்னார். தானே சொல்லிக்கொடுப்பாராம்.

"அவளுக்கு எதுக்குங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஒத்தையா உக்காந்தா அவனுக்கு மனசு ஓடாது. இவ படிக்கிற பொண்ணு. பக்கத்துல உக்காந்து படிச்சா அதுவே ஒரு சூழ்நிலை."

அந்த வருடம் நான் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். ஏழாம் வகுப்பில் நான்தான் லீடர் என்று டீச்சர் சொல்லிவிட்டிருந்தார். அதை நான் அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாறியிருக்குமா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். மாறியிருக்காது.

அப்பா அந்த முன்னறையைச் செய்ததைச் சொல்ல வேண்டும். ஆசையாகத்தான் செய்தார், அதை மறுக்க மாட்டேன். மரக்கடையிலிருந்து பலகை வாங்கி வந்து, கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் தேய்த்தார். அந்தப் பச்சை வாடை ஒரு வாரம் சோற்றிலும் அடித்தது. தெருவை வேடிக்கை பார்க்கக் கூடாதென்று ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டினார். சிவப்பும் நீலமுமாக நேர அட்டவணை எழுதி மாட்டினார். அம்மாவின் ரேடியோ, மாலையில் பச்சை விளக்கு எரிய முணுமுணுத்துக்கொண்டிருக்கும் அது, சித்தப்பா வீட்டுக்குப் போனது. ஒன்பது மணிக்கு மேல் குக்கர் விசில் கேட்கக் கூடாது என்று உத்தரவு. யாராவது வந்தால் பின்வாசலில் நிறுத்திப் பேசி அனுப்ப வேண்டும்.

பலகையைத் துடைக்கத் துணி வேண்டியிருந்தது. இனிமேல் இது தேவைப்படாதில்லையா என்று கேட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் நீலப் பாவாடையை எடுத்து அப்பா நான்காகக் கிழித்தார். நம் யூனிபார்ம் பாவாடை. கோபத்தில் கிழிக்கவில்லை, நிதானமாக, மடித்து, ஓரம் நேராக வரும்படி கிழித்தார். நல்ல கெட்டித் துணி, நன்றாகத் துடைக்கும் என்று அம்மாவிடம் காட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதால் சூழ்நிலை கெடும்.

அவர் எட்டேகால் மணி எலக்ட்ரிக் ட்ரெயினுக்குப் போய்விடுவார். திரும்பி வர ஏழாகும். அப்படியானால் பகலெல்லாம் தம்பிக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்? பதினோரு வயதுப் பெண் நான். என் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் வாங்கப்பட்டன, அட்டை போடப்பட்டன, அலமாரியில் அடுக்கப்பட்டன. அவற்றைத் திறக்க எனக்கு நேரமே இல்லை. காலையில் அப்பா பலகையில் எழுதிவிட்டுப் போன நான்கு வரிகளை மாலைக்குள் அவன் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி. முதலில் அவனுக்கு, பிறகு கவனிக்காததற்கு எனக்கு.

நானும் அவனைக் கிள்ளியிருக்கிறேன். தொடையில், வெளியே தெரியாத இடத்தில். இதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா சமையலறைக் கதவருகே வந்து நிற்பாள், உள்ளே வரமாட்டாள். பாட நேரத்தில் அவள் அந்த அறைக்குள் வரக் கூடாது என்பதும் அட்டவணையில் இருந்தது. பின்வாசலுக்குக் கீரை கொண்டு வரும் அக்கா ஒருத்தி உண்டு. முடிச்சூரில் அவர்களுக்குச் சொந்தமாகக் கீரைப் பாத்தி இருந்த காலம் அது. ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பொண்ணு இஸ்கூலுக்குப் போவலியா? வூட்லயே குந்திகினு கீது?"

தம்பிக்குத் துணையாக இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள்.

"பையனுக்குப் படிப்பு வரல, செரி. அதுக்கு இந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?"

அம்மா கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஐப்பசி வரை வெளியாட்களில் என்னைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். சித்தப்பா கேட்கவில்லை, பக்கத்து வீட்டு வாத்தியார் கேட்கவில்லை, நம் டீச்சர் கேட்கவில்லை. பிள்ளைக்காக ஒரு மனுஷன் எவ்வளவு மெனக்கெடுகிறார் என்று எல்லோரும் அப்பாவை மெச்சினார்கள். இப்போது நீங்கள் கைதட்டினீர்களே, அதே மாதிரி.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மரங்கள் குட்டையாக இருந்தன, நிழலே இல்லை. அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். எனக்கும் சந்தோஷம்தான், வாசலில் அப்பா நோட்டை நீட்டும் வரைக்கும். ஒவ்வொரு கூண்டின் முன்னும் பலகையில் எழுதியிருக்கும் பெயரைத் தம்பி படிக்க வேண்டும், நான் நோட்டில் எழுத வேண்டும். நேரடிப் பாடம் என்றார்.

தம்பி ஜோராகப் படித்தான். சிங்கம் என்றான். மயில் என்றான். நீர்யானை என்றான். அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவன் பலகையைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கூண்டுக்குள் பார்த்தான், பிறகு பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னான்.

அதற்கடுத்த கூண்டில் எதுவும் தென்படவில்லை. விலங்கு வெயிலுக்குப் பயந்து உள்ளே படுத்திருந்தது. தம்பி கம்பி வழியாக இடதும் வலதுமாகத் தேடினான். படிடா என்றார் அப்பா. அவன் கால் மாற்றி நின்றான். பின்னால் வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். படிக்காமல் இங்கிருந்து நகரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. தம்பியின் கழுத்தில் வியர்வை வழிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் அந்தப் பிராணி ஒரு நிமிடம் வெளியே வராதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் நான் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று வாயை மட்டும் அசைத்தேன். தம்பி என் உதட்டையே பார்த்தான்.

"கழுதை" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் கை உயர்ந்தது. நான் மறுபடி வாயசைத்தேன். "புலி. கழுதைப்புலி" என்று தம்பி கத்தினான். உயர்ந்த கை அவன் தலையைத் தடவியது. "பாத்தியா, நின்னா வருது. சூழ்நிலை சரியா இருந்தா எல்லாம் வரும்" என்று அப்பா என்னிடம் சொன்னார். புளிசாதத்தைப் பிரித்தபோது அப்பளத்தில் தன் பங்கையும் தம்பிக்கே கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. பகலில் நான் பாடத்தை வாய்விட்டுப் படிப்பேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பான். இரண்டு முறை போதும், மனப்பாடம் ஆகிவிடும். பக்கத்தை எங்கே திருப்ப வேண்டும் என்று காட்ட, பாயில் அவன் கால் கட்டைவிரலை என் காலால் அழுத்துவேன். எழுத்து வேலையை அவனுடைய கோணல் கையெழுத்திலேயே நான் எழுதினேன். வேண்டுமென்றே இரண்டு பிழைகள் விட்டு எழுதுவேன், நம்பும்படி இருக்க வேண்டுமே. புரட்டாசிக்குள் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் முழுவதும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

ஆனால் அடி நின்றது. அப்பா சாயங்காலம் வரும்போது காராசேவு வாங்கி வந்தார். சீட்டி அடித்துக்கொண்டே முகம் கழுவினார். அவர் சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை நான்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள் அப்பா லீவு போட்டார். தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம் என்றார். தம்பி என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல அப்போது ஒரு நிமிடம் இருந்தது. சொல்லவில்லை. என்னையும் வரச் சொன்னார், அதே துணைக்குத்தான்.

தலைமையாசிரியரின் அறையில் ஈரக் குடைகளின் வாடை. அப்பா புத்தகத்தைத் தம்பி கையில் கொடுத்து, சார் முன்னாடி படிச்சுக் காட்டு என்றார். தம்பி நின்றுகொண்டு முழங்கினான். இந்த முறை என் கால் அவனுக்கு எட்டவில்லை. முதல் பக்கம் முடிந்தது, பாடம் ஓடிக்கொண்டே இருந்தது, பக்கம் திரும்பவில்லை. தலைமையாசிரியர் எழுந்து வந்து மெதுவாகப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மேசையிலிருந்து ஏதோ ஒரு சுற்றறிக்கையை எடுத்து, இதில் முதல் வார்த்தையை மட்டும் சொல்லப்பா என்று கேட்டார்.

தம்பி திரும்பி என் உதட்டைப் பார்த்தான். தலைமையாசிரியரும் என்னைப் பார்த்தார்.

"சார், பையன் படிக்கல. பொண்ணுதான் படிச்சிருக்கு" என்றார் அவர். பிறகு, "இந்தப் பொண்ணு எந்த ஸ்கூல்?" என்று கேட்டார்.

வீட்டில்தான் என்றார் அப்பா.

"ஏன்?"

அப்பா குனிந்து மூலையிலிருந்த குடையை எடுத்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் மழையில் நடந்து வந்தோம். குடை தம்பிக்கும் அவருக்கும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மர ஸ்கேலை எடுத்தார். என்னை அடித்தார், என்னை மட்டும். அவனுக்கு ஏமாற்றக் கற்றுக்கொடுத்தவள் நான், ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே பாழாக்கிவிட்டவள் நான், தான் அமைத்த சூழ்நிலையை உள்ளிருந்தே அரித்த கரையான் நான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அடி. தம்பி அலறிக்கொண்டு குறுக்கே வந்தான், அவனைத் தள்ளிவிட்டார்.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். பாட நேரத்தில் அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் கையிலிருந்து ஸ்கேலைப் பிடுங்கவில்லை, கத்தவுமில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக் கிழிக்க ஆரம்பித்தாள். கிழித்துக்கொண்டே சொன்னாள், "ரெண்டு பேரையும் நாளைக்கு நான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஆபீஸுக்குப் போங்க."

போனாள். தம்பியை மூன்றாம் வகுப்பிலேயே மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் அந்தத் தலைமையாசிரியர் என்ன சொன்னாரோ அதுவே, ஐந்து மாதம் கழித்து. நம் பள்ளியில் என்னைச் சேர்க்கவில்லை. பாதி வருடம் போய்விட்டது, அரையாண்டுத் தேர்வு வரப்போகிறது, அடுத்த ஜூனில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இனிதான் எனக்கு ஆறவே ஆறாத பகுதி. தம்பி பள்ளிக்குப் போய்விட்டான், நான் வீட்டில். பலகை சுவரில் இருந்தது, அலமாரியில் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் இருந்தன, கோரைப்பாய் இருந்தது. மாலையில் அப்பா வருவார், காபி குடிப்பார், பேப்பர் படிப்பார். டிசம்பர் முதல் மே வரை ஒருநாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, வா, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. மாணவன் போன பிறகு சூழ்நிலைக்குத் தனியாகப் பாடம் எதற்கு?

சாயங்காலம் நாலேகாலுக்கு நீங்கள் ஐந்தாறு பேர் எங்கள் தெரு வழியாகப் போவீர்கள். பைகளை முதுகில் போட்டுக்கொண்டு, புது டீச்சரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டு. ஒருத்தி ஒருநாள் கையசைத்தாள். நான் குனிந்துகொண்டேன். அடுத்த ஜூனில் நான் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தபோது நீங்கள் எட்டு. மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் வகுப்புக்கு ஒரு மரத்தடி, எங்கள் வகுப்புக்கு இன்னொன்று. பத்தாவது நான் உங்களோடு எழுதவில்லை. அன்பினால்தான் இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பிரிவு உபசார விழாப் படத்தில் நான் இல்லை. தேடிப் பாருங்கள்.

ஒரு வருடம்தானே என்பீர்கள். பிழைத்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன், எல்லாம் சரி. அதற்குப் பிறகு எந்த அறைக்குள் போனாலும் நான் யாருக்காக அங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன் என்று தேடும் பழக்கம் மட்டும் போகவில்லை. கல்யாண வீட்டிலும் அப்படித்தான், அலுவலகத்திலும் அப்படித்தான். தம்பி பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு டைல்ஸ் ஒட்டும் வேலையில் இறங்கினான். இன்றைக்கு அவனிடம் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கடை போர்டுகளை விரல் வைத்து மெதுவாகப் படிப்பான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் இரண்டு பேரையும்தான் அந்த அறை தின்றது.

படம் போட்ட தோழிக்குச் சொல்கிறேன். உன் பேரனை வீட்டில் படிக்க வை, வேண்டாமென்று சொல்ல நான் யார். திரை பச்சையா நீலமா, டிவி எங்கே என்பதெல்லாம் எப்படியும் இருக்கட்டும். அவனுக்கு எங்கே தடுக்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் முதலில் கூட்டிக்கொண்டு போ. அவனுக்குத் தெரியாததைத் தெரியாது என்று அடி பயம் இல்லாமல் சொல்ல முடிகிற இடமாக அந்த ஹால் இருக்கட்டும். பேத்தியை நாளைக் காலையே பள்ளிக்கு அனுப்பு. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு மேசை நாற்காலி ஆகக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார், முடிச்சூரில், முதல் மாடியில். சென்னை வெள்ளம் பார்த்த பிறகு தரைத்தளம் யாருக்கும் பிடிக்கவில்லை. எண்பத்து நான்கு வயது. பழைய சங்கதிகள் எல்லாம் துல்லியமாகச் சொல்வார். தம்பி மகளிடம், உங்கப்பனுக்கு நானே வீட்டில் பள்ளிக்கூடம் நடத்தினேன் தெரியுமா என்று ஆரம்பித்தார். பலகை எந்தக் கடையில் வாங்கினார், அட்டவணையில் எந்தப் பாடத்துக்கு எந்த நிறம், எல்லாம் சொன்னார்.

"அப்போ அத்தை எந்த ஸ்கூல் தாத்தா?" என்று அவள் கேட்டாள்.

"அத்தை அவ ஸ்கூலுக்குப் போயிருப்பா."

நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தேன். தம்பி சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்காமலே சொன்னான், "இல்லப்பா. அக்காவும் வீட்லதான் இருந்தா. அவதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தா."

அப்பா என்னைப் பார்த்தார். பொய்யில்லை, நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"ஆமாம்ப்பா. அந்த ரூம்லதான் இருந்தேன். ஒரு வருஷம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. குழந்தை பயந்துபோய் அவள் அம்மா பக்கம் நகர்ந்தாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அறைக்குள் போய்த் தேடுகிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எந்தப் பக்கம் உக்காந்திருந்த?" என்று கேட்டார்.